பட்டறையை மறைக்காத அருங்காட்சியகம்

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் பள்ளி அறிவியல் மன்றப் பிள்ளைகளை ஓர் அறிவியல் மையத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். எந்த ஊர் மையம் என்பது இங்கே வேண்டாம். "மிதித்தால் விளக்கு எரியும்" என்று எழுதி வைத்த சைக்கிள் ஒன்று அங்கே இருந்தது. ஏழெட்டுப் பேர் ஒருவர் மாற்றி ஒருவர் ஏறி மூச்சிரைக்க மிதித்தார்கள், விளக்கு எரியவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தரையில் குந்தி உட்கார்ந்து பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், டைனமோவுக்குப் போற பெல்ட்டே இல்ல சார்" என்றான். சரியாகக் கண்டுபிடித்துவிட்டான். ஆனால் அந்த பெல்ட்டை மாட்ட அங்கே ஆளும் இல்லை, யாரிடம் போய்ச் சொல்வது என்றும் தெரியவில்லை. அடுத்த பேருந்தில் வந்த பிள்ளைகளும் அதில் ஏறி மிதிக்கத் தொடங்கினார்கள்.

ஊர் திரும்பியதிலிருந்து அந்த சைக்கிள் மனசை விட்டுப் போகவில்லை. கைவைத்து, இழுத்து, திருகிப் பார்க்கும் அருங்காட்சியகம் ஒன்று திறப்பு விழா முடிந்து பத்து, இருபது வருடம் ஆன பிறகும் உயிரோடு இருக்க என்ன வேண்டும்? இதற்குப் பதில் தேடித்தான் சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். 1969இல் திறந்தது, ஐம்பது வருடங்களைத் தாண்டிவிட்டது, உலகம் முழுக்க இன்று இருக்கும் "தொட்டுப் பார்" வகை மையங்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு விதத்தில் அதன் வாரிசுகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அது நிலைத்ததற்கு நன்கொடை, நல்ல கட்டடம், பெரிய நகரம் என்று பல காரணம் சொல்லலாம். நான் படித்த வரையில் ஒன்றைத்தான் முதலில் வைப்பேன்: அங்கே பட்டறை கட்டடத்தின் பின்புறத்தில் ஒளிந்திருக்கவில்லை. கூடத்துக்குள்ளேயே, பார்க்க வந்தவர்களின் கண்ணெதிரே இருந்தது.

அதைத் தொடங்கியவர் ஃப்ராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தின் தலைமை விஞ்ஞானி ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி, அவரும் இயற்பியலாளர், அந்தத் திட்டத்தில் யுரேனியம் பிரிக்கும் வேலையில் இருந்தவர். 1949இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. 1930களில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததை ஒப்புக்கொண்டார், மற்றவர்களின் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார். மின்னசோட்டா பல்கலைக்கழக வேலை போயிற்று. அதற்குப் பிறகு வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. மனைவி ஜாக்கியோடு கொலராடோ மலைப்பக்கம் பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற சிறு ஊருக்குப் போய் மாடு வளர்த்தார். ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த மனிதர் கிட்டத்தட்ட பத்து வருடம் மாடும் வேலியும் தண்ணீர்க் குழாயுமாக வாழ்ந்திருக்கிறார். பின்னால் அவர் செய்ததற்கெல்லாம் விதை அங்கேதான் விழுந்தது என்பது என் ஊகம். பண்ணையில் ஒன்று உடைந்தால் நகரத்திலிருந்து மெக்கானிக் வரமாட்டார், நாமேதான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1957 வாக்கில் அதே ஊர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பிள்ளைகளை ஊர்க் குப்பைமேட்டுக்குக் கூட்டிப் போய், தூக்கிப் போட்ட இயந்திரங்களையும் மோட்டார் பாகங்களையும் வைத்துப் பாடம் நடத்தினார். நம் ஊரில் பழைய இரும்புக் கடையில் போய்த் துழாவுகிற மாதிரி. அப்புறம் கொலராடோ பல்கலைக்கழகத்துக்குப் போனதும் "சோதனைகளின் நூலகம்" என்று ஒன்றை உருவாக்கினார். நூறுக்கு நெருக்கமான சோதனைகள் எப்போதும் தயாராக இருக்கும், மாணவர் தனக்கு வேண்டிய நேரத்தில் வந்து, நூலகத்தில் புத்தகத்தை எடுப்பதுபோல, ஒரு சோதனையைச் செய்து பார்த்துவிட்டுப் போகலாம்.

1965இல் ஆய்வு நிதி கிடைத்து லண்டன் போனபோது ஐரோப்பிய அருங்காட்சியகங்களைச் சுற்றிப் பார்த்தார். கையால் இயக்கிப் பார்ப்பது அங்கே ஒன்றும் புதிதில்லை. மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியம், 1903இல் ஆஸ்கர் ஃபான் மில்லர் என்ற மின்பொறியாளர் தொடங்கியது, பொத்தானை அழுத்தினால் இயங்கும் மாதிரிகளுக்குப் பெயர்போனது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் 1931இலேயே குழந்தைகளுக்கென்று தனிக் கூடம் இருந்தது. பாரிஸில் 1937 முதல் பலே த லா தெகுவெர்ட் என்ற அறிவியல் அருங்காட்சியகம். இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு வந்துதான் 1968இல் ஒரு கட்டுரை எழுதினார். கையில் ஒரு பொருளும் இல்லாமல் அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் விளக்குவது, ஒருவரைத் தண்ணீர்ப் பக்கமே விடாமல் நீச்சல் எப்படி இருக்கும் என்று சொல்வதைப் போன்றது என்பது அதில் வரும் கருத்து. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் சொல்வதை அவர் ஊர் பாஷையில் சொல்லியிருக்கிறார்.

இடம் கிடைத்த கதையும் நல்ல கதை. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், கண்காட்சி முடிந்ததும் இடிப்பதற்கென்றே மரத்திலும் சாந்துக் கலவையிலும் கட்டியது, ஊர் மக்களுக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டதால் இடிபடாமல் நின்று, நடுவில் டென்னிஸ் மைதானமாகவும் ராணுவ வண்டிக் கொட்டகையாகவும் இருந்து, 1960களில் கான்கிரீட்டில் மறுபடி எழுந்தது. உள்ளே பிரம்மாண்டமான, வளைந்த, வெறும் கூடம். நகராட்சி அதை வருடத்துக்கு 1 டாலர் வாடகைக்குக் கொடுத்தது. சான் பிரான்சிஸ்கோ ஃபவுண்டேஷன் 50,000 டாலர் கொடுத்தது. ரிப்பன் வெட்டும் விழா எதுவும் வைக்காமல் 1969இல் கதவைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அப்போது உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. லண்டனில் நடந்து முடிந்திருந்த கணினிக் கலைக் கண்காட்சி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள், மற்றதை வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டினார்கள். முதல் பல வருடங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

இனி அந்தப் பட்டறை. லேத், வெல்டிங் மெஷின், மர அறுப்பு, எலக்ட்ரானிக்ஸ் மேஜை எல்லாம் கூடத்துக்குள்ளேயே ஒரு பகுதி. இதனால் என்ன கிடைக்கிறது? பிள்ளைகள் வேலை நடப்பதைப் பார்க்கிறார்கள், சரி, அது ஒரு லாபம். பெரிய லாபம் வேறு. ஒரு காட்சிப் பொருளை அவசர அவசரமாக, பலகையும் ஆணியுமாகச் செய்து, வர்ணம்கூடப் பூசாமல், பத்தடி தள்ளி வைத்துவிட்டு ஓரமாக நின்று பார்க்கலாம். ஒரு குழந்தை கைப்பிடியைத் தப்பான பக்கம் திருகுகிறது. இன்னொரு குழந்தை உட்காரக் கூடாத இடத்தில் ஏறி உட்காருகிறது. மூன்றாவது குழந்தை செய்தவர் நினைத்தே பார்க்காத ஒன்றைச் செய்கிறது, அது முதலில் நினைத்ததைவிட நன்றாகவும் இருக்கிறது. உடனே தூக்கிக்கொண்டு போய்த் திருத்திவிட்டு மதியத்துக்குள் மறுபடி கொண்டுவந்து வைக்கலாம். பொருளைச் செய்தவரும் அதை உடைக்கிறவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். எங்கே உடைந்தது என்பதை வைத்து எங்கே பலம் தேவை என்று தெரிந்துகொள்கிறார்கள். எந்தத் தொழிற்சாலையிலும் மெயின்டெனன்ஸ் ஆட்கள் சொல்வதும் இதையேதான்.

டெண்டர் விட்டு, எங்கோ ஒரு கம்பெனி செய்து, லாரியில் வந்து இறங்கி, கண்ணாடிபோலப் பளபளக்கும் பொருளுக்கு இந்த வழி அடைத்துப்போகிறது. அதில் ஒரு பேரிங் போனால் அதை வாங்கி மாட்டத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் இருப்பதில்லை. வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிற வரைக்கும் யாராவது வருவார், அது முடிந்ததும் "பழுது" அட்டை தொங்கும். பட்டறைக்கான இடத்தையும் இரண்டு நல்ல மெக்கானிக்குகளின் சம்பளத்தையும் முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சப் பணத்தில் எத்தனை காட்சிப் பொருள் வருகிறதோ அத்தனை வைத்தால் போதும் என்பேன். ஐம்பது பொருள் இருந்து இருபது ஓடாமல் கிடப்பதைவிட இருபது மட்டும் இருந்து இருபதும் ஓடட்டும்.

ஒரு பொருளைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். அங்கே சங்கிலி வளைவு என்று ஒன்று உண்டு. ஊஞ்சல் சங்கிலியைத் தளர்த்திப் பிடித்தால் நடுவில் தொங்குமே, அந்த வளைவைத் தலைகீழாகத் திருப்பினால் அப்படியே நிற்கக்கூடிய கட்டட வளைவு கிடைக்கும். 1670களில் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி சொன்னது இது. சங்கிலியில் எல்லா இடத்திலும் இழுவிசை மட்டும் இருப்பதுபோல, தலைகீழ் வளைவில் எல்லா இடத்திலும் அமுக்குவிசை மட்டும் இருக்கும், அதனால் சுண்ணாம்பும் வேண்டாம், பசையும் வேண்டாம். எக்ஸ்ப்ளோரட்டோரியத்தில் சாய்க்கக்கூடிய பலகைமேல் கட்டைகளைப் படுக்கவைத்து வளைவாக அடுக்கி, பலகையை மெதுவாக நிமிர்த்தி, பின்னால் இழுத்துவிடுவார்கள். சரியாக அடுக்கியிருந்தால் வளைவு தனியாக நிற்கும்.

படித்ததும் எங்கள் மன்றத்தில் இதைச் செய்து பார்த்தோம். ஹார்ட்வேர் கடையில் மெல்லிய சங்கிலி ஒரு மீட்டர் வாங்கி, சுவரில் 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆணி அடித்துத் தொங்கவிட்டு, பின்னால் ஒட்டிய சார்ட் தாளில் பென்சிலால் வரைந்துகொண்டோம். அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் 3 செ.மீ. தள்ளி இரண்டு கோடு. அதை 11 துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக் கோடும் வளைவுக்குச் செங்குத்தாக வரும்படி போட்டோம். முதலில் தெர்மாகோலில் வெட்டினோம். வெட்டு நேராக வரவில்லை, கனமும் இல்லை, நிமிர்த்தியதும் சரிந்தது. அப்புறம்தான் ஆசாரியிடம் போனோம். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "கோணம் மாறிக்கிட்டே போவுது சார், நம்பர் போட்டுக் குடுங்க, இல்லன்னா கலந்துடும்" என்றார். நம்பர் போட்டுக் கொடுத்தோம்.

மரக் கட்டைகள் வந்த அன்று மேஜைமேல் வைத்து நிமிர்த்தினால் வளைவு ஒரு விநாடி நின்றுவிட்டு, இரண்டு காலும் வெளியே வழுக்கி, பொலபொலவென்று கொட்டியது. பிள்ளைகள் முகம் வாடிப்போயிற்று. அடுத்த முறை ஒரு பெண் அடிக்கட்டையை விரலால் அண்டக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "சார், இது வெளிய தள்ளுது, கையில தெரியுது" என்றாள். கோயில் மதில் வளைவுக்கும் பாலத்துக்கும் இரு பக்கமும் ஏன் அவ்வளவு கனமான சுவர் வைக்கிறார்கள் என்று நான் பலகையில் வரைந்து சொல்லிக் கொடுத்துவந்ததை அவள் விரல் நுனியில் வாங்கிக்கொண்டாள். அடியில் உப்புத்தாள் ஒட்டினோம். வளைவு நின்றது.

நாங்கள் செய்ய முடிந்ததற்கும் காரணம் உண்டு. எக்ஸ்ப்ளோரட்டோரியம் தன் வேலையை ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. 1970களின் நடுவிலிருந்து "சமையல் குறிப்பு" என்றே பெயர் வைத்து மூன்று தொகுதிகள் போட்டார்கள். சுமார் 200 காட்சிப் பொருள்களை எப்படிச் செய்வது, என்ன அளவு, எந்த மோட்டார், எங்கே சிக்கல் வரும் என்று அதில் இருக்கிறது. உலகத்தில் எங்கே இருப்பவரும் பார்த்துச் செய்யலாம். ஆசிரியர்களுக்காகச் சின்ன அளவில், வீட்டுச் சாமான்களை வைத்துச் செய்யும் குறிப்புகளையும் பிறகு வெளியிட்டார்கள், அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. காற்றில் மிதக்கும் பந்து அதில் ஒன்று. ஹேர் டிரையரை மேல்நோக்கிப் பிடித்து, காற்றோட்டத்தில் டேபிள் டென்னிஸ் பந்தை விட்டால் அது அந்தரத்தில் நிற்கும். நிற்பதைப் பார்ப்பதைவிடச் சுவாரசியம், பந்தை இரண்டு விரலால் பிடித்து மெல்லப் பக்கவாட்டில் இழுத்துப் பார்ப்பது. காற்று அதைத் திரும்பத் தன் பக்கம் இழுப்பது கைக்குத் தெரியும்.

அங்கே வழிகாட்டிகளாக நிற்பவர்கள் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். சம்பளம் கொடுத்து வைக்கிறார்கள், ஆரம்ப வருடங்களிலிருந்தே. மாட்டுக் கண்ணை அறுத்து உள்ளே லென்ஸைக் காட்டுவதுகூட அந்தப் பிள்ளைகளின் வேலைதான். எல்லாம் தெரிந்த பேராசிரியரிடம் கேட்கத் தயங்கும் குழந்தை, தன் அக்கா வயதுப் பெண்ணிடம் கேட்டுவிடும். பார்க்க வந்தவர்களைவிட அந்த மாணவர்கள் அதிகம் கற்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதானே நமக்கே புரிகிறது.

குறையே இல்லாத இடம் என்று சொல்ல வரவில்லை. தங்கள் குறையை அவர்களே ஆராய்ந்திருக்கிறார்கள். 2004இல் அவர்களுடைய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை, ஒரே பொருளில் நிறைய கைப்பிடிகளையும் பொத்தான்களையும் வைத்தால் என்ன கெடும் என்று சொல்கிறது. எதை முதலில் தொடுவது என்று திகைப்பு, ஒருவர் செய்வதை இன்னொருவர் கெடுப்பது, முக்கியமான விஷயம் கண்ணில் படாமலே போவது, ஓரத்தில் இருக்கும் சின்ன வேடிக்கை மைய விஷயத்தை மூடிவிடுவது. இதை அனுபவித்திருக்கிறேன். நல்ல மனசோடுதான் கூடுதலாக ஒரு விளக்கு, ஒரு சத்தம் என்று சேர்ப்போம், பிள்ளைகள் விளக்கை மட்டும் போட்டு அணைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒரே ஒரு ஆச்சரியத்தைக் காட்டி முடியும் பொருளைவிட, பிள்ளைகள் தாங்களே கேள்வி போட்டு நீட்டித்துக்கொள்ளும் பொருளில் அதிக நேரம் நிற்கிறார்கள் என்பதையும் அவர்கள் அளந்து பார்த்தார்கள். சாய்பலகை வளைவு இரண்டாவது வகை. கட்டையை மாற்றி அடுக்கினால், ஒன்றைக் குறைத்தால், பக்கத்திலிருந்து தட்டினால் என்று அது போய்க்கொண்டே இருக்கும்.

இன்னோர் ஆய்வு பெண் குழந்தைகளைப் பற்றியது. எந்த மாதிரிப் பொருளிடம் அவர்கள் வருகிறார்கள், நிற்கிறார்கள் என்று பார்த்ததில் வந்த விடைகள் மிக எளிமையானவை. வீட்டில் பழகிய பொருள் ஒன்று அதில் இருக்க வேண்டும். மூன்று பேர் சேர்ந்து நிற்க இடம் வேண்டும். எப்படிப் பயன்படுத்துவது என்று படம் இருக்க வேண்டும். மற்றவர் செய்வதை முதலில் தள்ளி நின்று பார்த்துக்கொள்ள வசதி வேண்டும். எங்கள் மன்றத்தில் பையன்கள் மேஜையைச் சுற்றி மொய்த்துக்கொள்வதும் பெண்கள் இரண்டாவது வரிசையில் நிற்பதும் வழக்கமாக இருந்தது. மேஜையைச் சுவரிலிருந்து நகர்த்தி நடு அறையில் போட்டேன், நாலு பக்கமும் நிற்கலாம் என்று ஆயிற்று. அந்த ஒரு மாற்றத்திலேயே வித்தியாசம் தெரிந்தது.

கடந்த பதினைந்து இருபது வருடங்களாக அங்கே கோலிப் பாதை என்று ஒரு வேலை பிரபலம். துளை போட்ட பலகையைச் சுவரில் சாய்த்து, மரக்குச்சி, பிளாஸ்டிக் குழாய், புனல், டேப் இவற்றைக் கொடுத்து, கோலிக்குண்டு மேலிருந்து கீழே வர எவ்வளவு தாமதமாகும்படி செய்ய முடியும் என்று கேட்பார்கள். வேகமாக ஓட விடுவது எளிது. மெதுவாக்க வேண்டும் என்றால் சரிவு, உராய்வு, திருப்பத்தில் இழக்கும் வேகம் எல்லாவற்றோடும் மல்லுக்கட்ட வேண்டும். சரியான விடை என்று ஒன்று கிடையாது. குண்டு நடுவில் விழுந்தால் விழுந்த இடத்துக்குப் போய் ஒரு குச்சியை அரை அங்குலம் நகர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

2013 ஏப்ரலில் எக்ஸ்ப்ளோரட்டோரியம் பழைய மண்டபத்தை விட்டுத் துறைமுகக் கரையில் 15ஆம் எண் மேடைக்கு இடம் மாறியது. சுமார் 3,30,000 சதுர அடி, 600க்கு மேல் காட்சிப் பொருள்கள், கூரையில் 1.3 மெகாவாட் சூரியத் தகடுகள், குளிரூட்டலுக்கும் சூடேற்றலுக்கும் வளைகுடாத் தண்ணீர். கட்டடமே ஒரு காட்சிப் பொருள். ஆனால் பெரிய இடத்துக்குப் பெரிய செலவு. வந்த வருடமே ஆட்குறைப்பு செய்ய நேர்ந்தது, பிறகு பெருந்தொற்றில் 2020 மார்ச்சில் மூடி 2021 ஜூலையில்தான் திறந்தார்கள். 1 டாலர் வாடகைக் கூடத்தில் இருந்த சுதந்திரம் இவ்வளவு பெரிய இடத்தில் இருக்காது என்பது என் எண்ணம். ஃப்ராங்க் 1985இலேயே போய்விட்டார், இதையெல்லாம் பார்க்கவில்லை. பட்டறையை மட்டும் புது இடத்திலும் பார்வையாளர் கண்ணில் படும்படியே வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஆய்வகத்தின் ஒரு மூலையில் இப்போது ஒரு மேஜை போட்டிருக்கிறோம். ஸ்பேனர் செட், ரம்பம், சால்டரிங் அயர்ன், ஒரு டப்பா நட்டு போல்ட், பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய மோட்டார்கள். உடைந்தது எதுவாக இருந்தாலும் முதலில் அந்த மேஜைக்குத்தான் வரும், யார் உடைத்தது என்று கேட்பதில்லை, எங்கே உடைந்தது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். போன வாரம் வளைவின் 5ஆம் கட்டை விளிம்பு பெயர்ந்து, நிமிர்த்தும்போதெல்லாம் அந்த இடத்திலேயே சரிந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அதைத் தேய்த்துச் சரிப்படுத்தினார்கள், ஆனால் தேய்த்ததில் கட்டை கொஞ்சம் சிறுத்துவிட்டது. இப்போது 5க்கும் 6க்கும் நடுவில் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி நிறுத்தியிருக்கிறார்கள். புதுக் கட்டைக்கு ஆசாரியிடம் சொல்லியாயிற்று.